தென்கிழக்கு ஆசியாவுக்கு ஒரே நாணயமா? சிங்கப்பூரிலிருந்து நான்கு வழிகளை எடைபோட்டுப் பார்த்தால்

புருணையின் பத்து வெள்ளி (டாலர்) நோட்டைச் சிங்கப்பூர் வங்கியில் கொடுத்தால் பத்து வெள்ளியாகவே வரவு வைப்பார்கள். மாற்று விகிதம் பார்ப்பதில்லை, கழிவும் கிடையாது. மலேசியாவின் பத்து ரிங்கிட் நோட்டுக்கு இன்று கிடைப்பது சுமார் மூன்று வெள்ளி. 1973 மே மாதம் வரை இந்த மூன்று நாட்டு நோட்டுகளும் சரிக்குச் சரி. சிங்கப்பூரையும் மலேசியாவையும் இணைக்கும் ஜோகூர் பாலத்தின் இரு முனையிலும் ஒரு வெள்ளி என்றால் ஒரு வெள்ளிதான்.

நாடுகள் சேர்ந்து ஒரே பணத்தைப் புழங்குவது எப்படி இருக்கும், அந்த ஏற்பாடு கலைந்தால் என்ன நடக்கும் என்பதைப் புரிந்துகொள்ள ஐரோப்பாவரை போகவேண்டியதில்லை. நம் பெற்றோரும் தாத்தா பாட்டியும் இரண்டையும் பார்த்தவர்கள். ஆனாலும் ஒவ்வொரு நெருக்கடிக்குப் பிறகும் அதே கேள்வி எழுகிறது. 1998 டிசம்பரில் ஹனோயில் கூடிய, தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் தலைவர்கள் ஏற்றுக்கொண்ட செயல்திட்டத்தில், ஆசியானுக்கென ஒரு பொது நாணயம் சாத்தியமா என்று ஆராய வேண்டும் என்ற வரி இருந்தது. ஆசிய நிதி நெருக்கடி தொடங்கி ஒன்றரை ஆண்டுகூட முடியாத நேரம் அது. சிங்கப்பூரின் தேக்காவில் பணம் மாற்ற நிற்கும் ஒருவர், “நமக்கும் யூரோ மாதிரி ஒன்று வந்தால் இந்தத் தொல்லையே இல்லையே” என்று சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது.

ஆசியான் நாடுகளுக்கு முன்னால் நான்கு வழிகள் இருப்பதாக நான் பார்க்கிறேன். யூரோ போல முழு நாணய ஒன்றியம். புருணையும் சிங்கப்பூரும் வைத்திருப்பது போன்ற சமமதிப்பு ஒப்பந்தம். டாலர் போன்ற வெளிநாட்டு நாணயத்தையே எடுத்துப் புழங்குவது. அவரவர் நாணயத்தை வைத்துக்கொண்டு, பணம் அனுப்பும் பாதைகளையும் நெருக்கடி நிதியையும் மட்டும் இணைப்பது. இவற்றை ஒப்பிட நான் பயன்படுத்தும் அளவுகோல் ஒன்றே ஒன்று: கெட்ட காலம் வந்தால் நட்டம் யார் தலையில் விழும்? நல்ல காலத்தில் எல்லா ஏற்பாடும் நன்றாகத்தான் வேலை செய்யும்.

அந்த அளவுகோலில் பார்த்தால் சிங்கப்பூருக்கும் இந்த வட்டாரத்துக்கும் நான்காவது வழியே சரி என்பது என் முடிவு. ஆனால் மற்ற மூன்றும் அற்பமானவை அல்ல. அவற்றின் பலத்தைப் பார்க்காமல் இந்த முடிவுக்கு வரக் கூடாது.

1967இல் நடந்தது

முதலில் நம் கதை. மலாயா நாணய ஆணையர் வாரியம் 1938இல் அமைந்தது. 1950களின் தொடக்கத்திலிருந்து மலாயா, சிங்கப்பூர், சரவாக், வடக்கு போர்னியோ, புருணை ஆகிய ஐந்துக்கும் ஒரே வெள்ளி. வெளியிட்ட நோட்டுகளுக்கு ஈடாக லண்டனில் ஸ்டெர்லிங் கையிருப்பு இருந்தது. 1965 ஆகஸ்ட் 9இல் சிங்கப்பூர் பிரிந்த பிறகும், பொது நாணயத்தைத் தொடரத்தான் இரு அரசுகளும் பேசிக்கொண்டிருந்தன. நாடு பிரிந்தாலும் வியாபாரம் பிரியவில்லை, பணமும் பிரியவேண்டாம் என்ற எண்ணம் இரு தரப்பிலும் இருந்தது. 1966 ஆகஸ்டில் அந்தப் பேச்சு முறிந்தது. பெரிய இழுபறி, சிங்கப்பூரின் கையிருப்பு யார் பெயரில் இருக்கும் என்பது. மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா இரு நாட்டுக்கும் பணத்தை வெளியிடலாம். ஆனால் சிங்கப்பூர் போட்ட சொத்து சிங்கப்பூருடையது என்பதற்கு என்ன உறுதி? அந்தக் கேள்விக்கு இரு தரப்பும் ஒப்பும் பதில் கிடைக்கவில்லை.

1967 ஜூன் 12 அன்று மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் தனித்தனி நோட்டுகளை வெளியிட்டன. மூன்றும் சமமதிப்பில் மாறிக்கொள்ளும் என்ற ஒப்பந்தமும் கூடவே வந்தது. பழைய மலாயா வெள்ளியும் புழக்கத்தில் இருந்தது.

ஐந்து மாதம் கழித்து, அந்த நவம்பரில், பிரிட்டன் பவுண்டின் மதிப்பை 14.3 விழுக்காடு குறைத்தது. புதிய நோட்டுகள் தப்பித்தன. ஸ்டெர்லிங்கோடு கட்டப்பட்டிருந்த பழைய நோட்டுகள் தப்பவில்லை. ஒரு பழைய வெள்ளிக்குப் புதிய பணத்தில் 85 காசு என்று ஆகிவிட்டது. வங்கிக் கணக்கு இல்லாதவர்கள், சேமிப்பைத் தலையணைக்கடியிலும் தகரப் பெட்டியிலும் வைத்திருந்தவர்கள், சிறு கடைக்காரர்கள் ஆகியோர் கையில் இருந்தது பழைய நோட்டு. பினாங்கில் கதவடைப்பு கலவரமாகி உயிர்கள் போயின.

லண்டன் தன் வர்த்தகப் பற்றாக்குறைக்காக எடுத்த முடிவு அது. அதன் நட்டத்தில் ஒரு பகுதியைச் சுமந்தவர்கள் லண்டனில் யாருக்கும் வாக்களிக்காத மக்கள். பொது நாணயம் பற்றி யார் பேசினாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த 15 காசு.

யூரோ வழி

யூரோவின் நன்மைகள் உண்மையானவை. 1992இல் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1999இல் 11 நாடுகளுடன் யூரோ தொடங்கியது. 2002இல் நோட்டும் நாணயமும் மக்கள் கைக்கு வந்தன. 2026 ஜனவரியில் 21ஆவது நாடாகப் பல்கேரியா சேர்ந்தது. பிரான்சில் வாங்கி ஜெர்மனியில் விற்கும் சிறு வணிகருக்கு மாற்று விகித ஆபத்தே இல்லை. விலைகளை நேருக்கு நேர் ஒப்பிடலாம். முன்பு அதிக வட்டி கட்டிவந்த நாடுகளுக்கு ஜெர்மனியின் நம்பகத்தன்மை இரவலாகக் கிடைத்தது. கிரீஸ் அரசு கிட்டத்தட்ட ஜெர்மனி கடன் வாங்கும் வட்டிக்கே கடன் வாங்கிய காலம் உண்டு.

ஆபத்தும் அங்கேதான் வளர்ந்தது. ஒரே வட்டி விகிதம், ஆனால் நாடுகளின் நிலைமை வேறு வேறு. 2000களில் மந்தமாக இருந்த ஜெர்மனிக்கு ஏற்ற வட்டி, வீடு கட்டும் வேகத்தில் இருந்த அயர்லாந்துக்கும் ஸ்பெயினுக்கும் மிகக் குறைவு. அங்கே வீட்டு விலையும் கடனும் வீங்கின. கிரீஸில் அரசின் கணக்கே பொய்யாக இருந்தது. பற்றாக்குறை மொத்த உற்பத்தியில் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, கடன் 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது மாஸ்ட்ரிக்ட் விதி. 2009ஆம் ஆண்டின் கிரேக்கப் பற்றாக்குறை, திருத்தப்பட்ட கணக்குகளில், 15 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது.

சொந்த நாணயம் இருந்திருந்தால் அதன் மதிப்பு விழுந்திருக்கும். இறக்குமதி விலை ஏறும், மக்கள் சிரமப்படுவார்கள், ஆனால் ஏற்றுமதியும் சுற்றுலாவும் மலிவாகி மீட்சிக்கு ஒரு கதவு திறக்கும். யூரோவுக்குள் அந்தக் கதவு இல்லை. சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் வெட்டித்தான் விலையைக் குறைக்க முடியும். 2010 மே மாதம் 110 பில்லியன் யூரோ மீட்புக் கடன் வந்தது, நிபந்தனைகளும் வந்தன. 2013இல் கிரீஸில் வேலையின்மை சுமார் 27 விழுக்காடு. 2015 கோடையில் வங்கிகள் மூடப்பட்டன. பணப்பொறியில் ஒருவர் ஒரு நாளைக்கு 60 யூரோ மட்டுமே எடுக்கலாம் என்ற நிலை.

சொந்த நாணயத்தின் மதிப்பு சரிவது வலியில்லாத மருந்து என்று நான் சொல்லவில்லை. 1997 ஜூலை 2 அன்று தாய்லாந்து தன் நாணயமான பாட் டாலரோடு கட்டப்பட்டிருந்ததைக் கைவிட்டபோது, டாலரில் கடன் வாங்கியிருந்த நிறுவனங்கள் ஒரே இரவில் நொறுங்கின. டாலருக்குச் சுமார் 2,400ஆக இருந்த இந்தோனேசிய ரூப்பியா, 1998இல் 16,000ஐயும் தாண்டி விழுந்தது. அரிசி விலையிலும் ஆட்சி மாற்றத்திலும் போய் முடிந்தது அது. ஆனாலும் தாய்லாந்து ஓரிரு ஆண்டுகளில் மறுபடி வளரத் தொடங்கியது. கிரீஸ் இழந்தது ஏறத்தாழ ஒரு தலைமுறையின் வேலைக் காலம்.

இதற்கு ஐரோப்பாவிடம் சில தாங்கிகளாவது இருந்தன. வேலையில்லாத ஸ்பானியப் பொறியாளர் அனுமதி கேட்காமல் ஜெர்மனிக்குப் போகலாம். சிறியதானாலும் பொது வரவுசெலவுத் திட்டம் ஒன்று உண்டு. 2012 ஜூலையில் ஐரோப்பிய மத்திய வங்கித் தலைவர் மாரியோ டிராகி, யூரோவைக் காக்கத் தேவையான எதையும் செய்வோம் என்று அறிவித்த பிறகுதான் சந்தை அடங்கியது. உறுப்பு நாடுகள் சேர்ந்து பெரிய அளவில் கடன் வாங்கித் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள 2020வரை ஆனது. 750 பில்லியன் யூரோ மீட்பு நிதி அப்போதுதான் ஒப்புக்கொள்ளப்பட்டது. பணத்தை முதலில் இணைத்துவிட்டு, நட்டத்தைப் பகிரும் ஏற்பாட்டை இருபது ஆண்டு கழித்து, நெருக்கடிக்கு நடுவில் கட்டினார்கள்.

ஆசியானில் அந்தத் தாங்கிகள் எங்கே? ஆசியான் சாசனப்படி, செயலகத்தின் செலவுக்குச் சிங்கப்பூரும் லாவோஸும் சம தொகை கட்டுகின்றன. பணக்கார உறுப்பிடமிருந்து ஏழை உறுப்புக்குப் பெரிய அளவில் பணம் போகும் வழி அந்த அமைப்பில் கிடையாது. ஆள் நடமாட்டத்தில், விசா இல்லாமல் சுற்றிப்பார்க்கப் போவது எளிது, வேலைக்குப் போவது அப்படியல்ல. சிங்கப்பூரில் வேலை அனுமதிச் சீட்டு ஒரு முதலாளியோடும் ஒரு வேலையோடும் கட்டப்பட்டது என்பதை நம் ஊழியர் தங்கும் விடுதிகளில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வருமான இடைவெளியோ ஐரோப்பாவில் இல்லாத அளவு பெரியது. சிங்கப்பூரில் தலைக்கு 80,000 அமெரிக்க டாலருக்கு மேல், மியன்மாரில் ஆயிரத்துச் சொச்சம்.

அதிர்ச்சிகளும் எல்லாரையும் ஒரே நேரத்தில் தாக்குவதில்லை. 2020இல் சுற்றுலா நின்றுபோய்த் தாய்லாந்தின் பொருளாதாரம் 6 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியது. அதே ஆண்டு வியட்நாம் ஏறக்குறைய 3 விழுக்காடு வளர்ந்தது. அடுத்து விலைவாசி ஏறியது. நம் மத்திய வங்கியான சிங்கப்பூர் நாணய ஆணையம் 2021 அக்டோபரிலிருந்து 2022 அக்டோபர் வரை ஐந்து முறை கொள்கையை இறுக்கியது. சுற்றுலா இன்னும் திரும்பாத தாய்லாந்து 2022 ஆகஸ்டில்தான் முதல் முறையாக வட்டியை உயர்த்தியது. இரண்டும் அந்தந்த நாட்டுக்குச் சரியான முடிவுகளே. ஒரே நாணயமாக இருந்திருந்தால் யாராவது ஒருவர் தவறான மருந்தை விழுங்கியிருக்க வேண்டும்.

சிங்கப்பூருக்கு மட்டும் உரிய ஒரு கவலையும் உண்டு. நம் மத்திய சேமநிதி முழுவதும் சிங்கப்பூர் வெள்ளியில் இருக்கிறது. முப்பது, நாற்பது ஆண்டு உழைத்தவரின் முதுமை அந்த வெள்ளியின் வாங்கும் திறனைத்தான் நம்பியிருக்கிறது. பத்து, பதினொரு நாடுகளின் சராசரி நாணயம் ஒன்றுக்கு அதை மாற்றச் சொல்வது சிறிய விஷயம் அல்ல. 1966இல் கையிருப்பு யார் பெயரில் என்று கேட்ட அதே கேள்விதான், இந்த முறை ஒவ்வொரு குடும்பத்தின் கணக்கையும் தொட்டுக் கேட்கப்படும்.

புருணை வழி

எனக்கு மிகவும் மதிப்பான ஏற்பாடு இது. 1973 மே மாதம் மலேசியா சமமதிப்பு ஒப்பந்தத்திலிருந்து விலகியது. புருணை இருந்துவிட்டது. 2017இல் இரு நாடுகளும் பொன்விழாவுக்காக 50 வெள்ளி நினைவு நோட்டு வெளியிட்டன. மாநாடு, வாக்கெடுப்பு, பொதுப் பாராளுமன்றம் எதுவும் இல்லாமல் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடுகிறது.

எப்படி ஓடுகிறது என்று பார்த்தால் அதன் எல்லையும் தெரியும். புருணை ஐந்து லட்சம் பேருக்கும் குறைவாக வாழும் நாடு. எண்ணெயும் எரிவாயுவும் தரும் வருமானம் அதற்கு உண்டு. வெளியிடும் பணத்துக்கு முழு ஈடு வைத்திருக்கிறது. சிங்கப்பூர் நாணய ஆணையம் எடுக்கும் கொள்கை முடிவுகளை, அந்த மேசையில் இடம் கேட்காமலே ஏற்றுக்கொள்கிறது. எண்ணெய் விலை விழும் ஆண்டில் அந்தக் கொள்கை புருணைக்குப் பொருந்தாமல் போகலாம். அந்த நட்டத்தைத் தன் சேமிப்பிலிருந்து புருணையே ஏற்கிறது. நட்டம் யாருடையது என்ற கேள்விக்கு இங்கே தெளிவான பதில் இருப்பதால்தான் சண்டை வரவில்லை.

மலேசியாவோடு இதை மறுபடி தொடங்கினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். தினமும் லட்சக்கணக்கானோர் பாலத்தைக் கடக்கிறார்கள். ஜோகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டல ஒப்பந்தம் 2025 ஜனவரியில் கையெழுத்தாகிவிட்டது. உள்ளூர உறவும் ஒன்று, உணவும் ஒன்று. எனக்கும் ஆசைதான். ஆனால் மூன்றரைக் கோடி மக்களைக் கொண்ட, சொந்தத் தொழில்துறையும் கிராமப் பொருளாதாரமும் உள்ள ஒரு நாடு, தன் வட்டியையும் மாற்று விகிதத்தையும் பக்கத்துத் தீவு நகரம் தீர்மானிக்கட்டும் என்று விடாது. விடவும் கூடாது. 1998 செப்டம்பரில் அதைத் தெளிவாகப் பார்த்தோம். மலேசியா ரிங்கிட்டை டாலருக்கு 3.80 என்று கட்டிப்போட்டு, வெளிநாட்டில் இருந்த ரிங்கிட்டையெல்லாம் திருப்பிக் கொண்டுவரச் சொன்னது. தன் நாட்டைக் காக்க அது தேர்ந்த வழி அது. அந்த வழியில், சிங்கப்பூரில் கிளாப் சந்தை மூலம் மலேசியப் பங்குகள் வாங்கியிருந்த ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் முதலீடு முடங்கியது. அது தீர 2000வரை ஆனது. நட்டத்தை யார் ஏற்பது என்று முன்கூட்டியே பேசி வைக்காத இரண்டு நாடுகள், நெருக்கடியில் அவரவர் மக்களைத்தான் பார்க்கும். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

திமோர் லெஸ்தே போன்ற மிகச் சிறிய நாடு ஒன்று, முழு ஈட்டோடு, இந்த வழியில் பெரிய நாணயம் ஒன்றுடன் சேர விரும்பினால் அதற்குப் புருணை நல்ல முன்மாதிரி. அதற்கு மேல் இந்த வழி நீளாது.

இரவல் நாணயம்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். பனாமா 1904 முதல் அமெரிக்க டாலரைப் புழங்குகிறது. எக்குவடோர் 2000இல் மாறியது. நம் வட்டாரத்தில், 2025 அக்டோபரில் ஆசியானின் 11ஆவது உறுப்பாகச் சேர்ந்த திமோர் லெஸ்தேயும் டாலர் நாடுதான். கம்போடியாவில் சட்டப்படி ரியெல் உண்டு, ஆனால் கடைத்தெருவில் டாலர் சரளமாக ஓடுகிறது. பணவீக்கத்தால் நொந்த மக்களுக்கு இது உடனடி நிம்மதி தருகிறது. அதை எளிதாக எண்ணக் கூடாது. நோட்டை அச்சிட்டு அரசு செலவைச் சமாளிக்கும் பழக்கம் ஒரே நாளில் நின்றுவிடும்.

ஆனால் கொள்கை வேறு ஊரில் தீர்மானமாகும். ஆப்பிரிக்காவில் முன்னாள் பிரெஞ்சுக் காலனிகள் பல புழங்கும் சிஎஃப்ஏ பிராங்கைப் பாருங்கள். 1994 ஜனவரியில் அதன் மதிப்பு ஒரே நாளில் பாதியாக்கப்பட்டது. 50 சிஎஃப்ஏவுக்கு ஒரு பிரெஞ்சு பிராங்க் என்பது 100ஆக மாறியது. இன்றும் அது யூரோவோடு 655.957 என்ற விகிதத்தில் கட்டப்பட்டிருக்கிறது. வளைகுடாவில் ஒரு காலத்தில் இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட தனி ரூபாய் புழங்கியது நம்மில் பலருக்குத் தெரியாது. 1966இல் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும் மிச்சமிருந்த வளைகுடா நாடுகள் அதைக் கைவிட்டன. கடன் வாங்கிய நாணயம் கொடுத்தவருடைய தேவைக்கேற்பவே நடக்கும்.

வேறு வழியே இல்லாத நாட்டுக்கு இது தற்காலிகப் புகலிடம். சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ தாய்லாந்துக்கோ இது தேவையே இல்லை.

நாணயம் தனி, பாதை பொது

நான்காவது வழிதான் இப்போது சத்தமில்லாமல் வளர்ந்துவருகிறது. இதை நான் ஆதரிப்பதற்கு முதல் காரணம், சாதாரண ஆளின் உண்மையான தொல்லை எங்கே இருக்கிறதோ அங்கே இது கை வைக்கிறது.

மாதா மாதம் ஊருக்குப் பணம் அனுப்பும் ஒரு ஊழியரை எடுத்துக்கொள்ளுங்கள். ரூபாயும் வெள்ளியும் வேறு வேறாக இருப்பது அவருக்கு எப்போதும் கேடு அல்ல. ரூபாய் தளரும்போது வீட்டுக்குக் கூடுதலாகப் போகிறது. அவரிடமிருந்து உண்மையில் பறிபோவது அனுப்பும் கட்டணமும், விகிதத்துக்குள் மறைந்திருக்கும் வித்தியாசமும், பணம் போய்ச் சேரும்வரை ஆகும் நேரமும். உலக அளவில் 200 டாலர் அனுப்ப ஆகும் சராசரிச் செலவு இன்னும் 6 விழுக்காட்டு அளவில் நிற்கிறது. 2030க்குள் 3 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐக்கிய நாடுகளின் இலக்கு. இந்த இடைவெளியை மூட ஒரே நாணயம் தேவையில்லை. பாதை சரியாக இருந்தால் போதும்.

2021 ஏப்ரலில் சிங்கப்பூரின் பேநவ்வும் தாய்லாந்தின் பிராம்ட்பேயும் இணைந்தன. இரு நாடுகளின் உடனடிக் கட்டண முறைகள் இப்படி நேரடியாக இணைந்தது உலகிலேயே அதுதான் முதல் முறை. 2023 பிப்ரவரி 21 அன்று பேநவ்வும் இந்தியாவின் யூபிஐயும் இணைந்தன. அந்த ஆண்டு நவம்பரில் மலேசியாவின் டூயிட்நவ் வந்தது. கைத்தொலைபேசி எண்ணை வைத்தே பணம் போகிறது. இப்படி இரண்டிரண்டாக இணைத்துக்கொண்டே போனால் பத்து நாட்டுக்கு நாற்பத்தைந்து இணைப்பு வேண்டும். அதைத் தவிர்க்க, அனைத்துலகத் தீர்வு வங்கியின் சிங்கப்பூர் மையம் நெக்சஸ் என்ற பொது மையத்தை வடிவமைத்தது. ஒவ்வொரு நாடும் ஒரே ஒரு முறை அதில் இணைந்தால் மற்ற எல்லாருடனும் இணைந்ததாகிவிடும். இந்தியா, மலேசியா, பிலிப்பீன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் அதைச் சேர்ந்து கொண்டுசெல்கின்றன.

வணிகத்துக்கு வேறு ஒரு ஏற்பாடு. தாய்லாந்து அரிசியை இந்தோனேசியர் வாங்கும்போது நடுவில் டாலர் எதற்கு? 2018 தொடக்கத்திலிருந்து இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து மூன்றும் தங்கள் நாணயங்களிலேயே நேரடியாகக் கணக்குத் தீர்க்கும் ஏற்பாட்டை நடத்துகின்றன. இரண்டு முறை மாற்றும் செலவு ஒன்றாகக் குறைகிறது. சிராங்கூன் ரோட்டில் மளிகை இறக்குமதி செய்பவருக்கு இது யூரோ அளவுக்குப் பாதுகாப்புத் தராது. விகிதம் ஏறி இறங்கும் ஆபத்து அவருடையதாகவே இருக்கும். அந்தக் குறையை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் அந்த ஆபத்தை ஒழிக்கும் விலை ஒரு நாட்டின் வேலைவாய்ப்பாக இருக்கலாம் என்பதைக் கிரீஸில் பார்த்துவிட்டோம்.

சிங்கப்பூரின் சொந்தக் கொள்கையும் இந்த வழிக்குத்தான் பொருந்துகிறது. மூலதனம் தடையில்லாமல் ஓட வேண்டும், மாற்று விகிதம் கட்டுக்குள் இருக்க வேண்டும், வட்டியையும் நாமே வைக்க வேண்டும் என்ற மூன்றையும் ஒரு நாடு சேர்த்துப் பெற முடியாது. நாணய ஆணையம் 1981 முதல் மாற்று விகிதத்தைத் தேர்ந்து, வட்டியை விட்டுவிட்டது. வர்த்தகம் மொத்த உற்பத்தியைப் போல் மூன்று மடங்கு இருக்கும் ஊரில், அரிசி முதல் பெட்ரோல் வரை வெளியிலிருந்தே வருகிறது. வெள்ளியின் மதிப்பைக் கூட்டாளி நாடுகளின் நாணயத் தொகுப்பு ஒன்றுக்கு எதிராக ஒரு பட்டைக்குள் மெல்ல நகர்த்துவதே விலைவாசியைப் பிடிக்கும் கைப்பிடி. 2023 தொடக்கத்தில் அடிப்படைப் பணவீக்கம் 5.5 விழுக்காட்டைத் தொட்டபோது அந்தக் கைப்பிடி நம் கையில் இருந்தது. நாணய ஒன்றியத்தில் சேர்வது என்றால் முதலில் கொடுக்கவேண்டியது அதைத்தான்.

இனி நெருக்கடி நிதி. இங்கேதான் நான்காவது வழி பலவீனமாக இருக்கிறது. 1997 அனுபவத்துக்குப் பிறகு, 2000 மே மாதம் சியாங் மாய் முன்னெடுப்பு பிறந்தது. ஆசியானும் சீனா, ஜப்பான், தென்கொரியாவும் சேர்ந்தது அது. இன்று அதன் அளவு 240 பில்லியன் அமெரிக்க டாலர். அதற்குத் துணையாக உறுப்பு நாடுகளின் பொருளாதாரத்தைக் கண்காணிக்கும் அம்ரோ ஆய்வு அலுவலகம் சிங்கப்பூரில்தான் இருக்கிறது. ஆனால் அந்த நிதியை யாரும் ஒரு முறைகூட எடுத்ததில்லை. 2008 அக்டோபரில் டாலர் தட்டுப்பாடு வந்தபோது தென்கொரியாவும் சிங்கப்பூரும் அமெரிக்க மத்திய வங்கியிடம் தலைக்கு 30 பில்லியன் டாலர் நாணயப் பரிமாற்ற ஏற்பாடு செய்துகொண்டன. 2020இல் அது மறுபடி, 60 பில்லியனாக. வாஷிங்டனின் அந்தக் கதவு சிங்கப்பூருக்குத் திறக்கும். லாவோஸுக்குத் திறக்காது. சியாங் மாய் நிதியில் ஒரு நாடு தனக்குரிய கடன் வரம்பில் 40 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க வேண்டுமென்றால் அனைத்துலகப் பண நிதியத்தின் திட்டத்துக்குள் போகவேண்டும். 1998இல் அந்த நிபந்தனைகளை அனுபவித்த நாடுகள் அந்தப் படியேறத் தயங்குவதில் வியப்பில்லை.

யாருக்கு எது

ஓய்வுக்காலச் சேமிப்பை வெள்ளியில் வைத்திருக்கும் சிங்கப்பூர்க்காரருக்கு நான்காவது வழி தெளிவாக நல்லது. பணம் அனுப்பும் ஊழியருக்கும் அப்படியே, ஆனால் தினசரி உச்சவரம்பு உயர வேண்டும், பங்கேற்கும் வங்கிகள் பெருக வேண்டும். யூபிஐ இணைப்பு ஒரு நாளைக்கு 1,000 வெள்ளி வரம்போடுதான் தொடங்கியது. தங்கையின் கல்யாணத்துக்கோ வீட்டுக் கடனுக்கோ அனுப்புபவருக்கு அது போதாது. ஜோகூரில் குடியிருந்து சிங்கப்பூரில் வேலை செய்பவருக்கு இன்றைய விகிதம் ஆதாயம். அவருடைய பக்கத்து வீட்டில் ரிங்கிட் சம்பளத்தில் வாழ்பவருக்கு வாடகை ஏறுகிறது. ஒரே நாணயம் அவருக்கு உதவும் என்று தோன்றலாம். ஆனால் ஒரே நாணயம் வந்தாலும் சம்பள வித்தியாசம் போகாது, அது இன்னும் பளிச்சென்று தெரியும். அவருக்கு வேண்டியது பாலத்துக்கு அந்தப் பக்கம் நல்ல சம்பள வேலை. சிறப்பு மண்டலம் அதைத் தரும் என்றால் அதுவே அவருக்கான ஒருங்கிணைப்பு. எல்லை தாண்டி வாங்கி விற்கும் சிறு வணிகர் மட்டும்தான் யூரோ வழியால் நேரடியாகப் பயன் பெறுவார். அவருக்காக, முன்கூட்டியே விகிதத்தை உறுதிசெய்யும் ஒப்பந்தங்களைச் சிறு தொகைக்கும் மலிவாகக் கிடைக்கச் செய்வதை வங்கிகளிடம் கேட்க வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கு அது ஏற்கெனவே கிடைக்கிறது.

ஆசியான் நாடுகள் எந்த வழியில் போனாலும் செய்யவேண்டிய சீர்திருத்தம் ஒன்றிருக்கிறது. அரசுகள் தங்கள் கணக்கை உண்மையாகக் காட்ட வேண்டும். அரசு நிறுவனங்களின் மறைவான கடனும், வங்கிகளின் வாராக் கடனும், வெளிநாட்டு நாணயக் கடனும் ஒரே அளவுகோலில், ஒரே கால அட்டவணையில் வெளிவர வேண்டும். கிரீஸின் துயரம் பொய்க் கணக்கில் தொடங்கியது. 1997இல் தாய்லாந்தின் கையிருப்பில் பெரும் பகுதி முன்பேர ஒப்பந்தங்களில் சிக்கியிருந்தது வெளியில் தெரியாமல் இருந்தது. பொது நாணயமோ பொது நிதியோ, அடுத்தவர் கணக்கை நம்ப முடியாத இடத்தில் நிற்காது. இந்த வேலையைச் செய்ய அம்ரோ சிங்கப்பூரில் இருக்கிறது. அதற்கு நாடுகள் கூடுதல் தரவையும், கண்டதை வெளிப்படையாகச் சொல்லும் உரிமையையும் கொடுக்க வேண்டும்.

என் முடிவு எந்நாளைக்கும் உரியது அல்ல. 2022இல் லாவோஸின் கிப் கடுமையாகச் சரிந்து, எரிபொருள் நிலையங்களில் மக்கள் நீண்ட வரிசையில் நின்றார்கள். அப்போதும் சியாங் மாய் நிதி அசையவில்லை. அடுத்த முறை அப்படியொரு சிறிய உறுப்பு நாடு தயக்கமின்றி அந்த நிதியைக் கேட்டு, மற்ற நாடுகள் சில வாரங்களுக்குள் கொடுத்து, அது திருப்பியும் கட்டினால், ஆசியான் நாடுகள் ஒருவர் நட்டத்தை மற்றவர் தாங்கத் தொடங்கிவிட்டன என்று பொருள். ஒரே நாணயம் பற்றிய பேச்சைச் சிங்கப்பூர் அன்றைக்கு மறுபடி மேசைக்குக் கொண்டுவரலாம்.